நடுக்கோட்டைத் தாண்டிய கால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரம். கெங்கவல்லிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பெண்களுக்கான வாலிபால் போட்டி நடந்தது. ஆண்களுக்கு வருடா வருடம் நடக்கும் போட்டிதான். பெண்களையும் சேர்த்துக்கொண்டது அந்த வருடம்தான் முதல்முறை என்றார்கள். நாங்கள் எடப்பாடியிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, சேலத்தில் ஒரு பஸ், ஆத்தூரில் ஒரு பஸ் என்று மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு விளையும் காட்டை ஒட்டிய காலி இடத்தில் மண்ணைச் சமப்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு நெட் கட்டியிருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. உயரமாக இருப்பதால் பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு பிளாக் செய்யும் வேலைதான். எதிரணியில் ஒருவர் எகிறிக் குதித்து, பந்தை நம் பக்கம் ஓங்கி அடிப்பார். அதுதான் ஸ்பைக். அவர் குதிக்கும்போதே நானும் நெட்டுக்கு இந்தப் பக்கம் குதித்து, இரண்டு கைகளையும் உயர்த்திப் பந்தை மறிக்க வேண்டும். நெட்டுக்கு நேர் கீழே தரையில் ஒரு நடுக்கோடு இருக்கும். அவரவர் அவரவர் பக்கத்தில் இறங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அடுத்த மாதம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்காக ஆடிக் காட்டும் தேர்வு இருந்தது. வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் அதைக் காட்டித்தான் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தேன். தேர்வுக்கு முன்பு ஆடிப் பார்க்க ஒரு போட்டி கிடைத்ததே என்றுதான் அவ்வளவு தூரம் போனேன்.

முதல் ஆட்டமே உள்ளூர் அணியோடு. அவர்களிடம் ஒரு அக்கா இருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள், புடவையில் ரோட்டில் பார்த்தால் விளையாடுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணமாகி, குழந்தை பெற்று, பல வருடங்கள் பந்தையே தொடாமல் இருந்து, மறுபடி வந்திருக்கிறார் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அடி என்றால் அப்படி ஒரு அடி. தூரத்திலிருந்து ஓடிவந்து, பறந்து வந்து அடித்தார். பறந்து என்பதை நான் சும்மா சொல்லவில்லை. மேலே போவதைவிட முன்னால்தான் அதிகம் வந்தார். ஒவ்வொரு முறையும் நெட்டை உரசாத குறையாகத்தான் இறங்கினார். கூட்டம் அதற்குத்தான் விசில் அடித்தது.

இரண்டாவது செட்டில் அவர்களுடைய செட்டர், அதாவது அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பெண், பந்தை நெட்டுக்கு மிக அருகில் போட்டார். அக்கா ஓடிவந்து குதித்தார். நானும் குதித்தேன். பந்து என் கையில் பட்டு அவர்கள் பக்கமே விழுந்தது. நல்ல பிளாக். அந்தச் சந்தோஷத்தோடு நான் இறங்கியபோது என் வலது காலுக்கு அடியில் தரை இல்லை. அவருடைய கால் இருந்தது.

சுள்ளி ஒடிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. நடுவர் விசில் ஊதி, அவர் கோட்டைத் தாண்டியதற்காக எங்களுக்குப் பாயிண்ட் கொடுத்தார். அந்தப் பாயிண்டை வாங்கிக்கொள்ள நான் எழுந்திருக்கவில்லை.

ஆத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கணுக்கால் எலும்பில் விரிசல், தசைநாரும் கிழிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். தேர்வுக்குப் போக முடியுமா என்று கேட்டேன். டாக்டர், "எந்தத் தேர்வும்மா, எழுதுற தேர்வா?" என்று கேட்டார். குதிக்கிற தேர்வு என்று சொல்லும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

வீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தறிப்பட்டறை. அதற்குள் போய் நின்றுகொண்டால் தறிச் சத்தத்தில் யாரும் அவரிடம் எதுவும் பேச முடியாது. அம்மாதான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசினார். "அந்தப் பொம்பள மட்டும் என்ற கையில கெடச்சாள்னா..." என்று ஆரம்பித்து, அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தத்தோடு முடிப்பார்.

போட்டியை யாரோ மொபைலில் எடுத்திருந்தார்கள். எங்கள் அணித் தோழி அதை எனக்கு அனுப்பினாள். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் எனக்கு வேலையாகிப் போனது. எதற்காகப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வேண்டுமென்றே காலை நீட்டினார் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அது கிடைத்துவிட்டால் நிம்மதியாகக் கோபப்படலாம் என்று நினைத்தேன்.

வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பந்தை அடித்து முடித்ததும் அவர் பந்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். எங்கே இறங்கப் போகிறோம் என்பது அவருக்குக் காற்றிலேயே தெரிந்துவிட்டது. முழங்காலை மடக்கி, காலைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். உடம்பு முன்னால் வந்துகொண்டிருந்ததால் முடியவில்லை. என் கால் மடங்குவதற்கு முன்பே அவர் வாய் திறந்திருந்தது. அந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். அன்று அதற்கு மேல் பார்க்கவில்லை.

மறுநாள் வேறு மாதிரி பார்த்தேன். பிளாக் செய்கிறவளுக்கு எதிராளியின் காலைக் கவனிப்பதுதான் பாதி வேலை. பழக்கத்தில் அவர் ஓடிவரும் அடிகளைப் பார்த்தேன். செட்டரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன்பே அவர் ஓடத் தொடங்கிவிட்டார். அதனால் பந்து வந்து சேரும் முன்பே நெட்டுக்குக் கீழே வந்துவிடுகிறார். நிற்க நேரமில்லை, நிற்கவும் தெரியவில்லை. வலது கையால் அடிப்பவர்கள் இடது, வலது, இடது என்று வர வேண்டும். நடுவில் வரும் அந்த வலது அடியை நீளமாக எடுத்துக் குதிகாலை ஊன்றினால் ஓட்டம் அங்கே நின்று, உடம்பு நேராக மேலே போகும். அவர் அந்த அடியைக் குட்டையாக வைத்து நுனிக்காலில் தாண்டினார். ஓட்டம் முழுக்க முன்னாலேயே போனது. மற்ற ஆட்டங்களின் வீடியோவையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே கதை. அவர் கால் நான் இருந்த பக்கம் வந்தது அன்று மட்டும் நடந்த விபத்து இல்லை. என்றைக்காவது யாருக்காவது நடக்க வேண்டியது எனக்கு நடந்திருந்தது.

தேர்வு நடந்த தேதியும் வந்து போனது. அதற்கு அடுத்த வாரம் ஒரு முற்பகல், எங்கள் வீட்டு வாசலில் அந்த அக்கா வந்து நின்றார். தோளில் ஒரு பெரிய பை. மூன்று பஸ் மாறி, எடப்பாடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "கால் ஒடஞ்ச வாலிபால் பொண்ணு வீடு எது" என்று கேட்டுக்கேட்டே வந்திருக்கிறார்.

அம்மாவுக்கு முதலில் ஆள் யாரென்று தெரியவில்லை. "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" என்றார். அவர் சொன்னதும் அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். கையில் கிடைத்தால் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அல்லவா? ஆனால் அம்மா கேட்டது வேறு.

"கெங்கவல்லியில இருந்தா வர்றீங்க? இத்தன தூரம் பஸ்சுலயேவா? வாங்க சாமி, உள்ள வாங்க. தண்ணி குடிங்க மொதல்ல."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. பையைக் கீழே வைத்தார். அவர்கள் காட்டில் விளைந்த குச்சிக்கிழங்கு, மண்கூட உதிராமல் இருந்தது. என் கட்டைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் இனிமே ஆட மாட்டேம்மா. டீம்ல சொல்லிட்டேன். அத ஒன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

ஒரு மாதத்துக்கு முன்பு அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். இப்போது எரிச்சல்தான் வந்தது.

"நீங்க ஆடாம இருந்தா என்ற காலு நேராயிருமாங்க?" என்று கேட்டேன்.

நான் மொபைலை எடுத்து அந்த வீடியோவை அவரிடம் நீட்டினேன். அவர் அதுவரை அதைப் பார்த்ததே இல்லையாம். பார்க்கப் பயம் என்றார். பார்த்தார். நான் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பந்து இன்னும் செட்டர் கையில் இருக்கிறது, நீங்கள் ஓட ஆரம்பித்துவிட்டீர்கள், இதோ இந்த அடி, இங்கே நின்றிருக்க வேண்டும். கோபமாகத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது கோபம் மாதிரி இல்லாமல் போய்விட்டது.

"எனக்கு யாரும் இதச் சொன்னதில்லம்மா," என்றார். "ஸ்கூல்ல சும்மா ஓடிவந்து அடிப்பேன். நல்லா இருக்குன்னு விட்டுட்டாங்க."

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட களம் இருக்கிறது. என்னை அங்கே கூட்டிப் போகச் சொன்னேன். நான் நாற்காலியில், அவர் எதிரில். அம்மாவிடம் சாக்பீஸ் வாங்கி ஒரு கோடு போட வைத்தேன். பந்து இல்லை, நெட் இல்லை. வெறுமனே மூன்று அடி வைத்துக் குதிக்கச் சொன்னேன். கட்டுப் போட்டதிலிருந்து சும்மா கிடந்த என் வலது கால் ஷூவைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தேன். "இது என்ற காலுங்க, மிதிச்சுப்போடாதீங்க," என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் ஓடிவந்து குதித்தார். நேராக அந்த ஷூவின் மேல்தான் இறங்கினார். ஷூ நசுங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். கிழங்கை வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்த அம்மாவும் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் விளையாட்டாகக் குதிக்கவில்லை. ஓடாமல் நடந்தே அடி வைத்துப் பார்த்தார். சின்ன அடி, நீளமான அடி, குதிகால், நிறுத்தம், மேலே. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, மத்தியானம்வரை. தறிப்பட்டறையிலிருந்து அப்பா வெளியே வந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். கிளம்பும் முன்பு அக்கா ஷூவை மிதிக்காமல் சில முறை இறங்கியிருந்தார். ஆனால் அது பந்து இல்லாமல். பந்து மேலே வந்துவிட்டால் புத்தி பந்தோடு போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மறுக்கா ஆடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கத்துகிட்டு ஆடறேன்," என்றார்.

அதன் பிறகு வாட்ஸ்அப்பில்தான் எங்கள் பழக்கம். அவர் வீட்டுக்காரர் வீடியோ எடுத்து அனுப்புவார். பாதி வீடியோவில் அவர் விரல்தான் தெரியும். ஒன்றில் ஆடுகள் கோர்ட்டைக் கடந்து போகும்வரை அக்கா பந்தை இடுக்கிக்கொண்டு நிற்பார். "மறுபடியுமா?" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்வது எல்லாவற்றிலும் கேட்கும். நான் குரல் செய்தியாகப் பதில் அனுப்புவேன். பந்து கையை விட்டுக் கிளம்பட்டும், அதுவரை காத்திருங்கள். முதல் அடி மெதுவாக, அடுத்தது வேகமாக. இரண்டு கையையும் பின்னால் வீசி மேலே கொண்டு வாருங்கள். முழங்கை தாழ்கிறது. பந்து தலைக்குப் பின்னால் போய்விட்டது, தோளுக்கு முன்னால் இருக்கும்போதே அடியுங்கள்.

முதலில் எல்லாம் கெட்டுப்போனது. காத்திருக்கப் பழகியதில் தாமதமாகிவிட்டது. அடித்த பந்தெல்லாம் நெட்டில் விழுந்தது. அவர்கள் அணி அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியது. நன்றாக அடித்துக்கொண்டிருந்தவளை எடப்பாடிக்காரி கெடுத்துவிட்டாள் என்று அவர் அணிப் பெண்கள் பேசினார்களாம். அதை அக்காவே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். பழையபடி ஓடிவந்து அடித்தால் பாயிண்ட் வரும் என்பது அவருக்கும் தெரியும். அவர் அப்படி ஒருமுறைகூட அடிக்கவில்லை என்று, அவர் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்த நான் சொல்ல முடியும். மெல்ல மெல்ல அந்த நீள அடி அவர் காலுக்கு வந்தது. ஒரு வீடியோவில், அடித்துவிட்டு எந்த இடத்திலிருந்து எழும்பினாரோ கிட்டத்தட்ட அங்கேயே இறங்கினார். அதில் மட்டும் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை.

என் கதைக்கு வருகிறேன். கட்டுப் பிரித்து, பயிற்சி செய்து, நடந்து, ஓடி, குதிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் இனி ஆடலாம் என்று சொன்னார். ஆனால் எதிரில் ஒருவர் நெட்டை நோக்கி ஓடிவந்தால் என் கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை. கையை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பேன். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. காலில் இன்னும் கொஞ்சம் வலி இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். வலி இல்லை. கீழே தரை இருக்குமா என்ற சந்தேகம்தான்.

அடுத்த வருடம் கோடையில் பள்ளிபாளையத்தில் ஒரு போட்டி. எங்கள் அணியில் ஆள் குறைந்ததால் என்னையும் இறக்கினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் எதிரில் வந்தது கெங்கவல்லி அணி. அக்காவை நேரில் பார்த்தது அதுதான் மூன்றாவது முறை. கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். ஆட்டம் ஆரம்பித்தது.

அவர் அடித்த முதல் பந்துக்கு நான் குதிக்கவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. எங்கள் கேப்டன் பின்னாலிருந்து, "ஏம்புள்ள, மரமாட்ட நிக்கறே!" என்று கத்தினாள். அடுத்த சர்வீஸுக்காக எல்லோரும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அக்கா நெட்டுக்கு அருகில் வந்தார். அவருக்கு என் காலில் என்ன கோளாறு என்பது புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"குதிம்மா. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

பந்து சுற்றி அவர்கள் செட்டரிடம் போனது. பந்து மேலே கிளம்பியது. அக்கா காத்திருந்தார். எனக்கு அந்தக் காத்திருப்பு தெரிந்தது. பிறகு சின்ன அடி, நீளமான அடி, குதிகால் மண்ணில் ஊன்றிப் புழுதி எழும்பியது. நான் குதித்துவிட்டேன். குதிக்க முடிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நெட்டுக்கு மேலே என் கைகளும் அவர் முகமும் எதிரெதிரே இருந்தன. அவர் ஓங்கி அடித்தார். பந்து என் விரல் நுனியில் பட்டு, பின்னால் வெகுதூரம் தள்ளி, பந்து பொறுக்க நின்றவர்களையும் தாண்டிப் போய் விழுந்தது. அவர்களுக்குப் பாயிண்ட்.

நான் இரண்டு காலிலும் தரையில் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். நெட்டுக்கு அந்தப் பக்கம் அக்காவும் குனிந்து தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரின் கால்களுக்கும் நடுவே சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருந்தது. கேப்டன் என்னைத் திட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்தாள். எனக்கு விரல் எரிந்தது. அக்கா அடுத்த சர்வீஸுக்குத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். பிறகு இரண்டு பந்துகளை நான் சரியாக மறித்தேன். அவர் மற்றதையெல்லாம் என் கையைத் தாண்டி அடித்தார். நான் சொல்லிக்கொடுத்ததை வைத்து என்னையே தோற்கடித்தார் என்று எங்கள் வீட்டில் இன்றும் கிண்டல் செய்வார்கள். அம்மா மட்டும், "அந்தக் கண்ணு நல்லா ஆடுச்சா?" என்று அவரைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

அரசு வேலை கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பு திரும்ப வரவும் இல்லை. அதற்கு யாரையும் குறை சொல்லி ஆகப்போவதும் இல்லை. இப்போது ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சியாளராக இருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஸ்பைக் அடிக்கும் ஆசைதான் பெரிய ஆசை. முதல் நாளே பந்தைக் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. குதித்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பந்து. சில பெற்றோர் வந்து, எங்கள் பெண்ணுக்கு எப்போது ஸ்பைக் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறேன்.

சாயங்காலங்களில் பெரிய பிள்ளைகளோடு நானும் ஆடுவேன். எதிரில் ஒரு பெண் ஓடிவந்து குதிக்கும்போது, அவள் தன் பக்கத்தில்தான் இறங்குவாள் என்று நம்பி நானும் குதித்துவிடுகிறேன். அந்த நம்பிக்கையை நான் இழந்ததும் ஒரே மனுஷியால்தான், திரும்பப் பெற்றதும் அவரால்தான் என்பதை நினைக்கும்போது, திரும்பப் பெற்றதற்காகத்தான் அவரை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு இன்று சந்தேகம் இல்லை.